பேச்சி கட்டிய மஞ்சள் துணி

பேச்சியின் வலது கை ஆள்காட்டி விரல் மடங்காது. சோறு பிசையும்போதும் சரி, பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கும்போதும் சரி, மற்ற விரல்கள் மடங்க அது மட்டும் விறைப்பாக நீட்டிக்கொண்டு நிற்கும். சாமி குத்தம் என்று அவள் ஊரில் சொல்வார்கள். அப்படிச் சொல்கிறவர்கள் யாராவது என் கடைக்கு வந்தால், பொட்டலம் கட்டுவதை நிறுத்திவிட்டு முழுக் கதையையும் சொல்லித்தான் அனுப்புவேன். அவசரமாகப் போகவேண்டும் என்றால் வேறு கடை பார்த்துக்கொள்ளட்டும்.

என் பெயர் இன்பராஜ். அருப்புக்கோட்டையில் நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கிறேன். கடையில் ஒரு தட்டு முழுக்கப் பிசின் டப்பாக்கள்தான். வேப்பம்பிசின், முருங்கைப் பிசின், விளாம்பிசின், பாதாம் பிசின், கருவேலம் பிசின். ஜிகர்தண்டா பிரபலமான பிறகு எல்லோரும் பிசின் என்றாலே பாதாம் பிசின்தான் என்று நினைக்கிறார்கள். அது எங்கிருந்தோ மூட்டையில் வருகிறது. தண்ணீரில் ஊறப்போட்டால் உப்பி நுங்கு மாதிரி ஆகும். நம் மண்ணில் கிடைக்கிற கருவேலம் பிசின் உப்பாது, கரைந்துவிடும். நெய்யில் போட்டால் பொரியும். பிள்ளை பெற்றவளுக்கு இடுப்பு வலுக்கட்டும் என்று அதைப் பொரித்து, இடித்து, கருப்பட்டியோடு உருட்டிக் கொடுப்பார்கள். அந்த டப்பா என் கடையில் பல வருடங்களாகப் பேச்சியால்தான் நிறைகிறது.

பேச்சியின் ஊர்ப் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் ரத்தினம் விளம்பரம் என்று சந்தோஷப்படுவான். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற வழி, ஒரு கண்மாய்க் கரை, ஒரு பஸ் நிறுத்தம், ரத்தினத்தின் டீக்கடை. இவ்வளவு தெரிந்தால் போதும்.

மாசி கடைசியில் வெயில் ஏற ஆரம்பித்ததும் பேச்சி சின்ன அரிவாளும் நார்ப்பெட்டியுமாகக் கிளம்புவாள். கருவேல மரத்தின் பட்டையை அங்கங்கே கீறி உரித்துவிடுவாள். ஆழமாகப் போனால் மரம் பட்டுப்போகும். மேலாக்கச் சீவினால் ஒன்றும் வராது. அளவாகக் கீறினால், கொஞ்ச நாளில் அந்தக் காயத்தில் துளித் துளியாகப் பிசின் கசிந்து, வெயிலில் இறுகி, தேன் நிறத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். மரம் தன் புண்ணுக்குத் தானே போட்டுக்கொள்கிற கட்டு அது. அதைத்தான் நாம் பிய்த்துத் தின்கிறோம். மழை ஒன்று விழுந்தால் போச்சு, எல்லாம் கரைந்து பட்டையோடு வழிந்துவிடும்.

பிசின் எடுக்கிறவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. கீறின மரத்தில் பழந்துணிக் கிழிசல் ஒன்றைக் கட்டிவிட்டால், அந்தப் பருவம் முழுக்க அது கட்டினவளின் மரம். பிசின் கண்ணுக்கு முன்னால் தொங்கினாலும் வேறு ஒருத்தி கை வைக்கமாட்டாள். கறுப்பு, ஊதா, சாயம் போனது, எது வேண்டுமானாலும் கட்டலாம். மஞ்சள் மட்டும் கட்டக்கூடாது. ஏன் என்று யாரும் கேட்டதும் இல்லை, சொன்னதும் இல்லை.

போன வருடத்துக்கு முந்தின வருடம் பங்குனியில் பேச்சி பஸ் நிறுத்தத்துக் கருவேலத்தைக் கீறினாள். கண்மாய்க்குள் இருந்த கருவேல மரங்களெல்லாம் ஏலத்தில் போய், அந்த இடத்தைச் சீமைக்கருவேலம் அடைத்துக்கொண்ட பிறகு, மிச்சம் நின்ற நல்ல மரம் அது ஒன்றுதான். கரையில் நிற்கிற மற்ற நாலைந்து மரங்கள் சேர்ந்து கொடுப்பதை அது தனியாகக் கொடுக்கும். கீறி முடித்துப் பார்த்தால் கையில் கட்டத் துணி இல்லை. தலையில் சும்மாடாகச் சுருட்டி வைத்திருந்தது தீச்சட்டி எடுத்தபோது கட்டின பழைய மஞ்சள் சேலை. அதில் ஒரு முழம் கிழித்துக் கட்டிவிட்டு, காரியாபட்டிப் பக்கம் மிளகாய்ப்பழம் எடுக்கும் வேலைக்குப் போய்விட்டாள்.

திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்கினவள் ஊர் மாறி இறங்கிவிட்டோமோ என்று முழித்தாளாம். மரத்தைச் சுற்றிப் புதுச் சேலை. அடியில் சந்தனம் பூசின கல். கிளைகளில் குட்டிக் குட்டித் துணித் தொட்டில்கள். அவள் கீறின இடத்தில் பிசின் துளிகள் ஒவ்வொன்றின் மேலும் குங்குமம். பக்கத்தில் தகர உண்டியல். ரத்தினத்தின் டீக்கடை பெஞ்சு மரத்தடிக்கு நகர்ந்து வந்திருந்தது.

நடந்தது இதுதான். அருப்புக்கோட்டையில் வீட்டுக்குள் கன்னடம் பேசுகிற நெசவுக் குடும்பம் ஒன்று. மருமகள் தேவிபிரியா. இரண்டு தடவை கரு தங்காமல் போய், இது மூன்றாவது. மாமியார் அவளைத் திருச்சுழிக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போகும்போது பஸ் பழுதாகி அந்த நிறுத்தத்தில் நின்றுவிட்டது. வெயிலுக்கு மரத்தடியில் ஒதுங்கினவர்கள் அண்ணாந்து பார்த்தால், மஞ்சள் துணி. அதற்குக் கீழே மரம் கண்ணீர் வடித்துக்கொண்டிருக்கிறது. மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டு, முந்தானையைக் கிழித்துத் தொட்டில் கட்டிவிட்டாள். "இது என்ன சாமிப்பா?" என்று டீக்கடையில் கேட்டிருக்கிறாள். ரத்தினம் டீயை ஆற்றிக்கொண்டே, யோசிக்கக்கூட இல்லாமல், "கண்ணீர் மாரி" என்றிருக்கிறான். அடுத்த பஸ்ஸில் வந்தவர்களுக்கும் அதையே சொன்னான். அதற்கடுத்த வாரம் அவனே நம்பிவிட்டான் என்று நினைக்கிறேன்.

ரத்தினம் பேச்சியின் தெருக்காரன், வயதில் சின்னவன். பேச்சி நேராக அவனிடம் போனாள்.

"ஏலே ரத்தினம், அது என் சேலைடா. நான் தீச்சட்டி எடுத்த சேலை. கிழிச்சுக் கட்டுனேன்."

"தெரியும்க்கா. உன் கை வழியாத்தான் ஆத்தா வந்து எறங்கியிருக்கா."

"ஆத்தா எங்கயும் எறங்கல. நான் கீறுனேன், பிசின் வருது. உனக்குத் தெரியாதா? சின்னப் புள்ளையில எங்கூட வந்து பிசினத் தின்னவன்தானடா நீ?"

"அது அப்ப."

பேச்சி அவனோடு அதற்குமேல் மல்லுக்கு நிற்கவில்லை. அரிவாள் முனையால் பிசினைக் குங்குமத்தோடு சுரண்டிப் பெட்டியில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். பின்னாலேயே கூச்சல் கிளம்பியது. சாமி கண்ணீரைத் திருடுகிறாள் என்று நாலு பேர். கூறுகெட்டவள் என்று நாலு பேர். மறுநாள் கோயில் கமிட்டி என்று ஒன்று கூடியது. ரத்தினம் தலைவர். வேறு யார்?

கமிட்டி அவளை அதட்டவில்லை. அதுதான் அவர்கள் சாமர்த்தியம். நீயே பூசாரியாக இரு என்றார்கள். வெள்ளிக்கிழமைதோறும் மஞ்சள் சேலை கட்டி வந்து, அருள் வந்து நாலு வாக்குச் சொன்னால் போதும், தட்டில் விழுவது உனக்கு என்றார்கள். ஒரே ஒரு நிபந்தனை, இனி அந்த மரத்தின் மேல் அரிவாள் படக்கூடாது.

புருசன் தவசி ஆடு மேய்க்கிறவர், பயந்த சுபாவம். "நல்லாத்தான சொல்றாக, ஒத்துக்கிருவமே" என்று இழுத்தார். பேச்சி என் கடைக்கு வந்தபோது அந்தக் கோபம் முகத்தில் அப்படியே இருந்தது.

"அண்ணாச்சி, எனக்குச் சாமி இல்லாமயா இருக்கு? எங்க குலசாமிக்கு வருசா வருசம் தீச்சட்டி எடுக்கேன். அந்தச் சாமி முன்னால நின்னுட்டு, வராத அருளை வந்துச்சுன்னு ஆடச் சொல்றாக. இந்த மரத்த விட்டுட்டா அடுத்த மரத்துக்கு ஒரு மஞ்சத் துணி கட்ட எம்புட்டு நேரமாகும்? பெறகு நான் எதக் கீற, எங்க வீட்டு வாசக்காலையா?"

"சண்டை வேணாம்னா விட்டுரலாமே பேச்சி" என்றேன். கடைக்காரன் புத்தி.

"நான் விட்டா, நான் சொன்னது பொய்னு ஆயிரும்ல அண்ணாச்சி" என்றாள்.

அவள் கொண்டுவந்திருந்த பிசினைத் தராசில் வைத்தேன்.

சித்திரையில் ஒரு வெள்ளிக்கிழமை, கூட்டம் இருக்கும்போதே போய், சேலையை விலக்கிவிட்டுப் புதிதாகக் கீறினாள். ஆளில்லாத நேரம் பார்த்துக் கீறியிருக்கலாம். திருட்டுத்தனமாகச் செய்ய அது என்ன தப்பா என்பது அவள் கட்சி. "கை வெளங்காமப் போயிரும்டி" என்று ஒரு கிழவி மண்ணை வாரித் தூற்றினாள். பேச்சி கீறி முடித்து, வழக்கம்போல் ஒரு கிழிசல் கட்டினாள். இந்தத் தடவை கறுப்பு. கட்டும்போது, கிளையின் வெள்ளை முள் ஒன்று ஆள்காட்டி விரலின் கணுவில் ஏறி உள்ளேயே முறிந்தது.

கருவேல முள் குத்தாத நாள் அவள் வாழ்க்கையில் கிடையாது. ஊசியால் கிண்டிப் பார்த்தாள், வரவில்லை. விட்டுவிட்டாள். நாலாம் நாள் விரல் வாழைக்காய் மாதிரி வீங்கியது. அப்புறம் புறங்கை. காய்ச்சலில் உளறவே ஆரம்பித்த பிறகுதான் தவசி அவளை லோடு ஆட்டோவில் போட்டு அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார். விரலைக் கீறிச் சீழையும் முள்ளையும் எடுத்தார்கள். கை பிழைக்கும், விரல் பழையபடி மடங்குவது சந்தேகம் என்றார்கள்.

ஊரில் ரத்தினம் ரேடியோ செட் கட்டிவிட்டான். கண்ணீர் மாரியைச் சீண்டினவளின் கதி என்று மைக்கில் ஒரே முழக்கம். அந்த வாரம் மட்டும் வீரசோழன் பஸ், மதுரை பஸ் எல்லாம் நின்று நின்று போனதாம். முள் குத்திச் சீழ் பிடிக்காத கை எங்கள் தாலுகாவில் எத்தனை இருக்கும்? அதைக் கேட்க ஒரு ஆள் இல்லை. எனக்கு ரத்தம் கொதித்தது.

ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனேன். கையில் பெரிய கட்டோடு பேச்சி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். தவசி சுவரோரம் குற்றவாளி மாதிரி நின்றிருந்தார்.

"கேளுங்க அண்ணாச்சி. இவுக அந்த மரத்துக்குக் கெடா நேந்திருக்காக. என் கை நல்லாகணும்னு."

"பயந்துட்டேன், பேச்சி" என்றார் தவசி.

"நீங்க வெட்டுற கெடாயில என் வாயில மண்ணு விழும். டாக்டர் எடுத்த முள்ள நீங்க கண்ணால பாத்தீகளா இல்லையா?"

"பாத்தேன்."

"பெறகென்ன?" என்றவள், கட்டுப் போட்ட கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். "எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஒருவேளை நெசமோன்னு காய்ச்சல்ல தோணுச்சு. அதுக்காக நான் இப்ப நின்னுட்டா, ரத்தினம் சொன்னதுதான் நெசம்னு ஆகிப்போகும். அடுத்த வெள்ளி நான் போறேன்."

பயம் இருக்கிறது என்று அவள் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. அந்த வெள்ளிக்கிழமை மகனைக் கடையில் உட்காரவைத்துவிட்டு நானும் பைக்கில் போனேன். திருவிழாக் கூட்டம். பேச்சி வருவாள் என்று யாரோ சொல்லிவிட்டிருக்க, பார்ப்பதற்கென்றே பாதிப் பேர் வந்திருந்தார்கள். வலது கைக் கட்டைத் துண்டால் கழுத்தோடு தூளி கட்டி, இடது கையில் அரிவாளோடு அவள் நடந்து வந்தாள். பின்னால் கொஞ்சம் தள்ளி தவசி. கெடா இல்லை, நார்ப்பெட்டிதான் அவர் கையில்.

ரத்தினம் மைக்கைக் கீழே வைத்துவிட்டு வழியில் நின்றான். "யக்கா, ஒரு கை போனது பத்தாதா?"

"இன்னொன்னு இருக்குடா. தள்ளு."

"இந்தக் கைக்கும் ஏதாவது ஆச்சுன்னா?"

"ஆனா ஆகட்டும். அப்ப வந்து உன் மைக்குல நானே சொல்றேன். ஆகலைன்னா நீ சொல்லுவியா?"

பேச்சி அவனைச் சுற்றிக்கொண்டு போனாள். இடது கைக்கு அரிவாள் பழக்கமில்லை. முதல் கீறல் வழுக்கிவிட்டது. இரண்டாவது பட்டையைப் பிய்த்தது. மூன்றாவதுதான் அவள் கீறல். ஏதாவது ஆகும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. ஒரு பஸ் வந்து ஹாரன் அடித்து, பாதிக் கூட்டம் அதில் ஏறிப் போய்விட்டது. எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

அந்தக் கீறலில் வந்த பிசின் வைகாசியில் என் கடைக்கு வந்தது. இடது கையால் எடுத்ததால் பட்டைத் தூசி கொஞ்சம் அதிகம். வழக்கமான விலைதான் கொடுத்தேன்.

ஆடியில் தேவிபிரியாவின் மாமியார் கடைக்கு வந்தாள். பெண் குழந்தை பிறந்திருக்கிறது. ஆனால் தாய்க்கு இடுப்பு சுத்தமாக விட்டுப்போய், பிள்ளையைத் தூக்கி நிற்க முடியவில்லையாம். கருவேலம் பிசின் வேண்டும் என்றாள். டப்பாவைத் திறந்து நிறுத்துக் கொடுத்தேன். எல்லாம் கண்ணீர் மாரி புண்ணியம் என்று அவள் ஆரம்பித்ததும் எனக்குப் பொறுக்கவில்லை.

"அம்மா, நீங்க கையில வச்சிருக்கிறதுதான் அந்தக் கண்ணீரு" என்றேன். சேலைக் கிழிசலில் இருந்து முள் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தன்னோடு வந்த பெண்ணிடம் கன்னடத்தில் ஏதோ முணுமுணுத்தாள். பொட்டலத்தைத் திருப்பித் தரப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். தரவில்லை. முந்தானையில் முடிந்துகொண்டு போனாள்.

ஆடிக் கடைசி வெள்ளியில் தேவிபிரியா குழந்தையோடு நேர்த்திக்கடன் செலுத்த மரத்துக்கு வந்தாள். நானும் போயிருந்தேன், ஒத்துக்கொள்கிறேன், வேடிக்கை பார்க்கத்தான். ரத்தினம் ஓடிப்போய் மைக்கை அவள் கையில் கொடுத்து, "ஆத்தா செஞ்சத எல்லாருக்கும் சொல்லும்மா" என்றான்.

"புள்ளையக் குடுத்தது சாமிதான், நான் இல்லைன்னு சொல்லல" என்றாள் அவள். "ஆனா பெத்தபெறகு என்னால எந்திரிச்சு நிக்க முடியல. இந்த மரத்துப் பிசினப் பொரிச்சுத் தின்னுதான் நிக்கேன். அந்தக்கா கீறலைன்னா எனக்கு அது கெடைச்சிருக்காது. அவுக கையப் பத்தி இந்த மைக்குல இனிமே யாரும் தப்பாப் பேச வேணாம்."

மைக்கை ரத்தினத்திடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, கூட்டத்தின் ஓரத்தில் நின்ற பேச்சியிடம் வந்து, குழந்தையோடு அப்படியே காலில் விழப்போனாள். பின்னாலிருந்த பெண்கள் சிலரும் கையெடுத்துக் கும்பிட ஆரம்பித்தார்கள்.

பேச்சி பதறிப்போய் இரண்டடி பின்னால் குதித்தாள். "எந்திரி! எந்திரி மொதல்ல! மரத்த விட்டா அடுத்து நானா? எனக்கும் சேலை சுத்தி உண்டியல் வச்சிருவீக போல! பச்ச ஒடம்போட குனியாத, இடுப்பு விட்டுரும். பிசின் வேணும்னா அண்ணாச்சி கடையில இருக்கு, போய் வாங்கு."

ரத்தினம் லேசுப்பட்டவனா? அன்று சாயங்காலமே அவள் வீட்டு வாசலில் நின்றான். "யக்கா, பிசினப் பிரசாதமாக் குடுத்தா என்ன? நீ எடு, நாங்க பொட்டலம் போடுறோம்."

"பிரசாதம்னு சொன்ன மறுநிமிசம் அதுல சீமைக்கருவேலம் பிசினக் கலப்ப. உன்ன எனக்குத் தெரியாதா?" என்று கதவைச் சாத்திவிட்டாள்.

சாமி இன்னும் அங்கேதான் இருக்கிறது. விளக்கும் எரிகிறது, ரத்தினத்தின் அடுப்பும் எரிகிறது. மரத்தின் கிழக்குப் பக்கம் சேலையும் சந்தனமும். மேற்குப் பக்கம் பேச்சியின் கீறல்கள். கமிட்டி அதைப் பற்றி இப்போது பேசுவதில்லை.

இந்த வருடம் மாசியில் அவள் முதல் கீறல் போட்ட அன்று நான் திருச்சுழியில் லோடு இறக்கிவிட்டு அந்த வழியாக வந்தேன். கீறி முடித்துவிட்டு மடியிலிருந்து துணி எடுத்தாள். நல்ல மஞ்சள், வேண்டுமென்றே மஞ்சளில் முக்கிக் காயவைத்தது. பஸ் நிறுத்தத்து மரத்தில் ஒன்று கட்டினாள். அப்புறம் கண்மாய்க் கரையில் இருந்த மற்ற மரங்களுக்கும் போய் ஒவ்வொன்றாகக் கட்டினாள். ரத்தினம் டீக்கடையிலிருந்து வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"எம்புட்டுச் சாமி வேணுமோ வச்சுக்கோடா ரத்தினம்" என்று கத்தினாள். "மரம் எனக்கு."

அரிவாளைப் பிடித்திருந்த வலது கையை உயர்த்தித்தான் சொன்னாள். நாலு விரலும் பிடியைச் சுற்றியிருந்தன. மடங்காத அந்த ஒரு விரல் நேராக அவனையே காட்டிக்கொண்டிருந்தது.